லேக் மார்க்கெட் வீட்டில் ஒரு ஞாபகச் சோதனை

"அந்த வீட்டுக்கு நீங்களே போயிடுங்க தீதி. கேள்வி அவருக்கு, பதிலெல்லாம் அவர் மனைவிகிட்டேருந்து வருது" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு, டேப்லெட்டை என் மேசையில் வைத்தாள் எங்கள் களப் பணியாளர் சுப்ரா.

கொல்கத்தாவில் முதியோரின் மறதி நோய் பற்றிய ஆய்வு ஒன்றில் அப்போது நான் கள மேற்பார்வையாளர். வீடு வீடாகப் போய் வயதானவர்களிடம் கேள்வி கேட்பதும், பிரஷர் பார்ப்பதும், காது எப்படிக் கேட்கிறது, எதுவரை படித்தார்கள் என்று பதிவதும் எங்கள் வேலை. நம்மைப் போன்ற நாடுகளில் மறதி நோய் வந்தவர்களில் பலர் டாக்டர் வாசலையே மிதிப்பதில்லை. 'வயசாச்சு' என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த நோய் யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது என்பதை நம் மனிதர்களிடமிருந்தே தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு. பெஹாலா பகுதியை முடித்துவிட்டு, தமிழர்கள் அதிகம் வாழும் லேக் மார்க்கெட்டுக்கு வந்திருந்தோம். எங்கள் டீமில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பொன்னையா அண்ணாச்சியும் செல்லம்மாள் அக்காவும் தங்கள் மளிகைக் கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கடைப் பொறுப்பு மகன் முருகனிடம் போய்விட்டாலும், காலையில் கடையைத் திறப்பதும் கல்லாவில் உட்காருவதும் அண்ணாச்சிதான்.

முதலில் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்: படகு, மல்லிகை, நாற்காலி. அடுத்து, ஒரு நிமிடத்துக்குள் காய்கறிப் பெயர்களைச் சொல்ல வேண்டும்.

"கத்தரிக்கா, வெண்டைக்கா, பெகுன், பொட்டோல்..." என்று தமிழும் வங்காளமும் கலந்து அடுக்கினார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, கத்தரிக்காயும் பெகுனும் ஒண்ணுதானே?"

"எப்படிம்மா ஒண்ணாவும்? கத்தரிக்கா நம்ம ஆளுக குழம்புக்குப் போவுது. பெகுன் இவங்க எண்ணெயில பொரிக்கப் போவுது. வேற வேறல்லா?"

விதிப்படி ஒன்றுதான். சிரித்துக்கொண்டே ஒன்றாகப் பதிந்தேன்.

பிறகு, முதலில் சொன்ன மூன்று சொற்களைக் கேட்டேன். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இந்த நாக்காலிய யாரு வழியில போட்டது?"

"நாற்காலி!" என்றார் அண்ணாச்சி.

அக்கா வெளியே வந்து, தலையில் இருந்த பூவைத் தொட்டுத் தொட்டுச் சரி செய்தார். "மல்லிகை!" என்று அண்ணாச்சி முகம் மலர்ந்தார். படகுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா நின்றதைப் பார்த்து என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, கொஞ்ச நேரம் உள்ள இருங்களேன்" என்றேன்.

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. எழுந்து அக்காவின் பின்னாலேயே போனார். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை நல்லெண்ணெய் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். யார் படியேறினாலும் அக்காவின் குரல்தான் முந்தியது.

"வாங்க சட்டர்ஜி பாபு!"

உடனே அண்ணாச்சி, "சட்டர்ஜி பாபு, சௌக்கியமா?" என்றார்.

"என்ன மீனாட்சி, பையன் பரீட்சை எழுதிட்டானா?"

"பரீட்சை எப்படி எழுதினான்?" என்றார் அண்ணாச்சி.

பார்ப்பவர்களுக்கு அது வெறும் உபசாரம். அக்கா பெயரை எடுத்துக் கொடுத்து அவர் மறதியை மறைக்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அண்ணாச்சி வியாபாரத்தில் இருக்கும்போது அக்காவை மாடிக்கு அழைத்துப் போய், "அக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

அடுப்பைப் பற்றவைக்கப் போன அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தூங்கி ரொம்ப நாளாச்சும்மா. நான் கண்ண மூடினா இவரு நடு ராத்திரியில கடையத் தொறக்கப் படியிறங்கிருவாரு. ஒரு கல்யாணத்துக்குப் போக முடியல, கோயிலுக்குப் போக முடியல. நீ பாட்டுக்கு என்னத்தையாவது எழுதிக் குடுத்திருவ. முருகன் சாவிய வாங்கிருவான். கடை இல்லன்னா இந்த மனுசன் என்ன ஆவாரு?"

"நாங்க பதியறது ஆய்வுக்கு மட்டும்தான்க்கா. உங்களக் கேக்காம முருகன்கிட்ட ஒரு வார்த்தை போகாது. ஆனா இவர டாக்டர் பாக்கணும். கைய நீட்டுங்க, உங்களுக்கும் பிரஷர் பாத்துடறேன்."

அண்ணாச்சியைவிட அக்காவுக்குத்தான் பிரஷர் அதிகமாக இருந்தது. அதுவரை ஒரு மாத்திரைகூடப் போட்டதில்லை.

அக்கா சில நாள் யோசித்துவிட்டு, முருகனிடம் சொல்லப் போவதாகவும் நானும் கூட இருக்க வேண்டும் என்றும் போன் செய்தார். போனேன். அக்கா சொல்லி முடிக்கும்வரை முருகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா. போன துர்கா பூஜை சமயத்துலயே சட்டர்ஜி பாபு சொல்லிட்டாரு. நீ மறைக்கிறது தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். கேட்டா நீ உடைஞ்சிருவியோன்னு பயம்."

"படுபாவி! நான் ஒத்தையில சொமந்துட்டுக் கெடக்கேன், நீ வேடிக்கையா பாத்த?" அக்கா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அதே தோளில் சாய்ந்து அழுதார்.

"சாவி?" என்று தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"அப்பாகிட்டயே இருக்கட்டும். ராத்திரியில வீட்டு வெளிக்கதவுக்கு வேற பூட்டு போடுறேன்."

டாக்டர் விரிவாகச் சோதித்தார். மறதி நோயின் ஆரம்பம்தான். குணமாக்க முடியாது, ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்றார். அக்கா பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்தார். காலையில் முக்காலியில் மருமகள் உட்கார, அக்கா தூங்கினார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களின் கூட்டத்துக்கு ஜாதவ்பூருக்குத் தனியாக பஸ் ஏறிப் போய்வந்தார்.

அண்ணாச்சி இன்னும் சில வருடங்கள் கல்லாவில் உட்கார்ந்தார். பிறகு அதுவும் முடியவில்லை. கடைசிக் காலத்தில், அக்காவை யாரோ விருந்தாளி என்று நினைத்து, "சாப்பிட்டீங்களா? கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று உபசரிப்பாராம்.

"கட்டிக்கிட்ட புதுசுலகூட என்னய இப்படிக் கேட்டதில்லம்மா" என்று சொல்லும்போது அக்கா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

எங்கள் படிவத்தில் கூட இருப்பவரிடம் கேட்கும் கேள்விகளும் உண்டு. ஆனால் அத்தனையும் நோயாளியைப் பற்றியவை. அதனால் புதிதாகக் களத்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலை முடிந்ததும் டேப்லெட்டைப் பைக்குள் வையுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர், கேள்வி தன்னிடம்தான் என்று நம்பாமல், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். அவசரப்படாமல் காத்திருங்கள்.