மசக்கை என்று நினைத்தோம்

இது நடந்தது போன வருஷத்துக்கு முந்திய வருஷம், ஆடி மாதத்தில். இடம், நமுனுகுல மலைக்குக் கீழே பசறைப் பக்கமாக இறங்கும் சரிவில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெயர் போட்டால் நாளைக்குக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நான்தான் பதில் சொல்லவேண்டி வரும்.

மலைநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் குளிரும் பனியும்தான் ஞாபகத்துக்கு வரும். கொழும்பிலிருந்து வருகிற எங்கள் சொந்தக்காரர்களே ஸ்வெட்டரோடுதான் பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் எங்கள் ஊவாப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். அடுப்பு வாயில் முகத்தைக் கொடுத்த மாதிரி இருக்கும். மானாப்புல் காய்ந்து எங்காவது ஒரு மலை பற்றி எரிந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்துக் கொழுந்துக்குத்தான் ருசி அதிகம் என்று சொல்வார்கள். குடிக்கிறவர்களுக்கு ருசியாக இருக்கட்டும், நமக்கென்ன.

அந்த வருஷம் எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விழுகிற பீலியில் தண்ணீர் நூலாக வடிந்து, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கீழே ஓடைக்குப் போய்க் குடத்தில் சுமந்து வந்தோம். சுமந்து வந்த தண்ணீர் முதலில் சமையலுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, அதற்குப் பிறகு ஆம்பிளைகளுக்கு. வீட்டு மருமகள் குடிக்கப் போகும்போது குடத்தில் அடிமண்தான் மிஞ்சும்.

லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் அப்படி ஒரு மருமகள் இருந்தாள். பூனாகலைப் பக்கமிருந்து வாழ வந்தவள். மலையில் என் பக்கத்து நிரையில்தான் கொழுந்து பறிப்பாள். கை எவ்வளவு வேகமோ அதைவிட வாய் வேகம். என்னை அக்கா என்று கூப்பிட்டு, முதல் நாள் பார்த்த நாடகத்தின் கதையை அழுது சிரித்துச் சொல்லி முடிப்பதற்குள் என் கூடை நிறைந்துவிடும். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா என்று வந்து போவான். கலியாணமாகிச் சில வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. பீலியடியில் நாலு பேர் சேர்ந்தால் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவளுடைய மாமியார் அப்படிக் குத்திப் பேசுகிறவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம். அவரும் எங்களோடு மலைக்கு வருகிறவர்தான். பீலியடிப் பேச்சு மருமகளின் காதில் விழுந்துவிடக் கூடாது என்று, அவளை வீட்டில் வைத்துவிட்டுத் தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு பேரப்பிள்ளையைத் தூக்கிவிட்டால் போதும் என்பது மட்டும்தான் அவருடைய ஆசை.

அந்த ஆடித் திருவிழாவுக்குப் பிள்ளை வரம் கேட்டுப் பால்குடம் எடுப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள். கையில் மஞ்சள் காப்புக் கட்டி, ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். அந்த நேரத்தில்தான் ஒருநாள், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று என் காதோடு சொன்னாள். யாருக்கும் சொல்லாதீங்க என்று சத்தியமும் வாங்கினாள். அவளே அன்றைக்குச் சாயங்காலம் மாமியாருக்குச் சொல்லிவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. அவ்வளவுதான் அவளுடைய இரகசியம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். மலையில் வேலை செய்கிற பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுக்காமல் இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் இல்லை. தேயிலைச் செடி இடுப்பளவுதான். மேலே பாதையில் கங்காணி நிற்பார், கீழே மருந்தடிக்கிற ஆம்பிளைகள் நிற்பார்கள். முன்பு மறைவுக்கு நிழல் மரங்களாவது இருந்தன, அவற்றையும் வெட்டி லொறியில் ஏற்றிவிட்டார்கள். அதனால் விடியற்காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணீர், பாலில்லாத தேத்தண்ணீர், குடித்துவிட்டுப் போனால் பகல் வரை நாக்கை நனைக்க மாட்டோம். எங்கள் அம்மாமார் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான். அடிக்கடி ஒதுங்கப் போகிறவளைப் பார்த்துச் சிரிப்போம். தாகத்தை அடக்குவது எங்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனமாகவே ஆகிவிட்டது.

அன்றைக்கு எங்களுக்குக் கொடுத்தது கற்பாறைக்குக் கீழே உள்ள மலை. வெயில் ஏறினால் அந்தப் பாறையும் சேர்ந்து காயும். காய்ந்த காலத்தில் கொழுந்து துளிர்க்காது, நிறை குறைந்தால் அரை நாள் பேர்தான், அரைச் சம்பளம்தான், விழும் என்பதால் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் பறித்தோம். உடுப்பைச் சொல்லவே வேண்டாம். ரவிக்கைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி, செடி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு. முன்பு படங்கு சாக்கு. இப்போது தடித்த பொலித்தீன் தாள்.

பத்து மணி போல, வாய் மூடாதவள் பேச்சை நிறுத்தினாள். தலை இடிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சாப்பிட்டிருந்தால்தானே வர, வெறும் மஞ்சள் தண்ணீர்.

அடுத்த நிரைகளில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். யாரோ சிரித்தார்கள். மாங்காய் பறிக்க ஆளனுப்பட்டுமா, புளி கரைக்கட்டுமா என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மாமியாரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. கண்ணு பட்டுரும்" என்றார்.

அவள் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். துணிக்குள்ளே சிரித்தாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்ததை வெட்கம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கங்காணி மேலேயிருந்து கூப்பிட்டு, டிஸ்பென்சரிக்கு அனுப்பவா என்று கேட்டார். அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது, கேட்டார். மாமியார் வேண்டாம் என்று கையாட்டினார். எனக்கு மனம் கேட்காமல், போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வா, தெம்பாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி வேணாம்க்கா. உள்ள இருக்கிறதுக்கு ஏதாச்சும் ஆயிரும்" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் பாசத்தில் செய்ததுதான். பாறை ஓரத்தில் உட்காரவைத்தோம். என்னிடமிருந்த சாயத்தண்ணீரைக் கொடுத்தேன், இரண்டு மிடறு குடித்துவிட்டு அதையும் கக்கினாள். வாயும் வயிறுமாக இருக்கும்போது எது கொடுத்தாலும் இப்படித்தான் வரும், வற்புறுத்தாதே என்று மாமியார் சொன்னார். தனக்கும் அப்படித்தான் இருந்ததாம். உச்சி வேளையில் பிள்ளைத்தாய்ச்சி வெட்டவெளியில் கிடந்தால் காற்றுக் கறுப்பு அண்டும் என்று தலையோடு போர்த்தச் சொன்னார். நிழலுக்கு மரமும் இல்லை. தன்னுடைய படங்கை அவிழ்த்து, அந்தப் பொலித்தீன் தாளை அவள்மேல் மூடிவிட்டு, ஓரத்தில் பறக்காமல் இருக்கக் கல்லும் வைத்தார். பிறகு நாங்கள் எல்லாரும் நிரைக்குத் திரும்பிவிட்டோம்.

பகல் கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டபோது நான்தான் அவளை எழுப்பப் போனேன். தாளை எடுத்தேன். உள்ளேயிருந்து அனல் அடித்தது. உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. நெற்றியில் கை வைத்தால் ரொட்டிக் கல்லில் வைத்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆனால் பார்த்தது என்னை அல்ல.

"பீலியில தண்ணி வந்துருச்சாக்கா? கொடத்த வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

தண்ணீர், தண்ணீர் என்று நான் கத்தினேன். மலையில் அத்தனை பெண்கள் நிற்கிறோம். எல்லாருடைய கூடையையும் கிளறிப் பார்த்தும் ஒரு போத்தல் தண்ணீர் முழுசாகத் தேறவில்லை. ஆறிப்போன சாயத்தண்ணீரைத்தான் அவள் தலையில் ஊற்றினோம். சீனி போட்ட தண்ணீர், முகமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது.

முதுகில் கூடைக்கு அடியில் போடுகிற கம்பளியில் கிடத்தி, நாலு பக்கமும் பிடித்து, அந்தச் செங்குத்துப் பாதையில் மேலே தூக்கிக்கொண்டு போனோம். கொழுந்து லொறியில்தான் ஏற்றினோம், வேறு வாகனம் இல்லை. மேலே தகரம், உள்ளே கொழுந்தின் சூடு. பதுளை ஆஸ்பத்திரி வரை அவள் தலை என் மடியில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாமியார், மெதுவாக ஓட்டுங்க, குலுக்காதீங்க என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சீக்கிரம் ஓட்டச் சொல்லிக் கத்தினேன். பாவம் அந்த மனிதர், யார் பேச்சைத்தான் கேட்பார்.

ஆஸ்பத்திரியில் உடுப்பை வெட்டி எடுத்து, உடம்பெல்லாம் ஐஸ் வைத்தார்கள். ஊசி போட வந்த ஒவ்வொருவரிடமும் மாமியாரான அந்த அம்மா தெரிந்த சிங்களத்தில், வயிற்றில் பிள்ளை இருக்கிறது, பார்த்துப் போடுங்கள் என்று கும்பிட்டார். சாயங்காலம் தமிழ் தெரிந்த ஒரு தாதி எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். பிள்ளை இல்லை. இருக்கவும் இல்லை. சாப்பாடும் தண்ணீரும் குறைந்து உடம்பு வாடினால் நாள் தள்ளிப்போவது உண்டாம். இது வெயில் அடித்ததால் வந்தது, மூளையிலும் ஈரலிலும் சூடு ஏறிவிட்டது, வாந்தி வந்த உடனேயே கொண்டுவந்திருக்கவேண்டும் என்றார். தாளால் மூடிவைத்திருந்ததைச் சொன்னபோது, யார் இப்படிப் போர்த்தியது என்று கேட்டார்.

அடுத்த நாள் அவளுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. புருஷன் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தான். மாமியார் அவனுக்குப் போனில் வழி சொல்ல வாசலுக்குப் போயிருந்த நேரம், நான் மட்டும் பக்கத்தில் நின்றேன். உதடெல்லாம் வெடித்திருந்தது. கையை மெதுவாக நகர்த்தி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"புள்ள?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. புருஷன் வந்து சேர்ந்தபோது உயிர் இருந்தது. மறுநாள் போய்விட்டது. அந்தப் பொய்யைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

எனக்கு வந்த சோதனை அதற்குப் பிறகுதான். தோட்டம் முழுக்க, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள் என்று அழுதது. தோட்டத்தை நடத்துகிற துரையும் வந்து தலைகுனிந்து நின்றுவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி விரதத்தோடு மலைக்கு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். வெயில் என்று ஒரு வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. தண்ணீர் என்று வரவில்லை, ஒதுங்க இடம் என்று வரவில்லை. அது அவளுடைய விதி என்று முடிந்துவிட்டது. கருமாதி முடிந்த கையோடு, ஆஸ்பத்திரியில் சொன்னதை நாலு பேருக்குச் சொல்லிவிடுவோம் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அவதான் போயிட்டா. அந்தப் புள்ளையையும் இல்லேன்னு சொல்லிறாதடி" என்றார்.

வாயைக் கட்டிக்கொண்டேன். மகனுக்கும் அவர் சொல்லவில்லை. தாய்க்கும் சேய்க்கும் என்று சேர்த்துத்தான் விளக்கேற்றினார்.

அடுத்த வருஷமும் கச்சான் வந்தது. வேறொரு மலை, வேறொரு சின்னப் பெண், புதிதாகக் கலியாணமானவள். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். யாரோ சிரித்தார்கள். மாங்காய் என்று ஒரு குரல் கேட்டது. அந்த அம்மா என்னிடமிருந்து இரண்டு நிரை தள்ளித்தான் நின்றார். அவர் நிற்பது தெரிந்துதான் சொன்னேன்.

"அது புள்ள இல்ல. போன வருசம் அவளுக்கும் புள்ள இல்ல. வெயிலுதான் கொன்னுச்சு. படங்க அவுருங்கடி முதல்ல."

எல்லாரும் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தார்கள். அந்தப் பெண்ணின் படங்கையும் சட்டையையும் கழற்றி, மருந்தடிக்கக் கொண்டுபோன நல்ல தண்ணீர் பீப்பாவைக் கேட்டு வாங்கி, தலையிலிருந்து ஊற்றி, துணியால் வீசிக்கொண்டே, போன் பண்ணி வரவழைத்த ஆட்டோவில் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் வேலைக்கு வருகிறாள். நான் திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் கேட்காதவர் போல, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கை மட்டும் முற்றின இலையையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான் அந்த அம்மா, என்னோடு இன்னும் பேசவில்லை. லயத்தில் எதிரெதிரே வந்தால் அவர்தான் விலகிப் போகிறார். இப்போது நாங்கள் எல்லாரும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிறோம். உரப்பைகளை நாலு கம்பில் கட்டி, நாங்களே ஒரு மறைப்பும் போட்டுக்கொண்டோம். காற்று அடிக்கும்போது விழும், திரும்பக் கட்டுவோம். துரையிடம் கேட்ட கக்கூஸ் இன்னும் வரவில்லை.

கச்சான் காலத்தில் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது, சின்னப் பெண்களின் கையில் போத்தல் இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் பார்க்கிறது. அதைப் பார்த்தால் மட்டும்தான், பிறக்காத ஒரு பேரப்பிள்ளையை அந்த அம்மாவின் மடியிலிருந்து நான் பிடுங்கிய பாவம் கொஞ்சமாவது தாங்கக்கூடியதாக இருக்கிறது.