கார்புரேட்டரின் மூச்சைக் கேட்டவர்

இருபது வருடங்களுக்கு முன் ஒரு காலையில், ஏழாயிரம்பண்ணை சாலையில் என் பழைய இங்கிலாந்துக் கார் திணறி நின்றது. காற்றை இழுத்துப் பெட்ரோலோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர்கள் அதற்கு இரண்டு. அவை ஒத்துப்போகாததால் சைலன்சர் வழியே படார் படாரென்று வெடித்துக்கொண்டே வந்தது. நான் மறுபடி சாவியைத் திருகப் போனேன். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிச்செல்லும் வேன் ஒன்று பின்னால் வந்து நின்றது. அதன் டிரைவர், நரைத்த மீசைக்காரர், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்கன ஸ்டார்ட் பண்ணாதீக. வேலிக்கு அங்கிட்டு வெடி காயப் போட்டிருக்காக.”

வேனிலிருந்த பெண்களும் இறங்கி, காரை வெகுதூரம் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் பிறகே அவர் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டார். ஒரு ரப்பர் குழாயை இடது காதில் வைத்து, மறுமுனையை இரண்டு கார்புரேட்டர்களின் வாயிலும் மாறி மாறிப் பிடித்தார். கேட்பார், திருகாணியைக் கொஞ்சம் திருப்புவார், மறுபடி கேட்பார்.

“ஒண்ணு கூடுதலா மூச்சு வாங்குது. ரெண்டும் ஒண்ணுபோல இழுக்கணும்.”

அவர் ஒவ்வொரு முறையும் கழுத்தை வளைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, “வலது காதுல வச்சா வசதியா இருக்குமே” என்றேன்.

“அது ஒரு வெடி விபத்துல போயிருச்சுங்க. இது போதும்” என்று மறுபடி குனிந்தார்.

சற்று நேரத்தில் என்ஜின் சீராக ஓடியது. வேலைக்கு நேரமாகிறதென்று, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். விருதுநகர் வரை கார் ஒருமுறைகூட வெடிக்கவில்லை.

வீட்டில் நானும் ஒரு குழாயை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். என் இரண்டு காதுகளுக்கும் வெறும் இரைச்சல்தான் கேட்டது.