எழும்பி நிற்காத வீடு

த்ரீடி கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்ததும் நஸீமா திரையைப் பார்க்கமாட்டாள். வந்தவர்களின் கழுத்தைப் பார்ப்பாள். கழுத்து பின்னால் போனால் போர்டிகோ முகத்துக்கு நேராக வந்துவிட்டது என்று அர்த்தம். கை நீண்டால் படிக்கட்டின் கைப்பிடி. சரியான நொடியில், "பாத்துங்க, பீம் தலையில இடிச்சுக்கும்" என்பாள். ஊரில் யாருக்கும் தலை குனியாத பெரிய மனிதர்கள், இல்லாத உத்தரத்துக்குப் பணிவாகக் குனிவார்கள்.

தர்மபுரியில் வீட்டுப் பிளான் போடும் இன்ஜினியர் குருவின் அலுவலகத்துக்கு இந்த த்ரீடி திரை வந்து இரண்டு வருடமாகிறது. அதற்கு முன் தாளில் பிளானைப் பார்த்து, "ஒண்ணும் புரியலீங்க" என்று சொல்லும் நேர்மை மக்களிடம் இருந்தது. கண்ணாடி மாட்டிய நாளிலிருந்து புரியாதவர் எவருமில்லை. "டெக்னாலஜிய ஏத்துக்கணுங்க" என்பார் குரு. அவர் மட்டும் ஃபோனில் வரும் கடிதத்தைக்கூடப் பிரிண்ட் எடுத்துத்தான் படிப்பார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அங்கே அதை இயக்கிக் காட்டும் வேலையில் இருக்கும் நஸீமாவுக்கு அந்தத் திரையில் எதுவும் எழும்பித் தெரியாது. பிறந்ததிலிருந்து மாறுகண். பன்னிரண்டு வயதில் ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்கினார்கள். இரண்டு கண்ணும் பார்ப்பதை ஒன்றாகச் சேர்க்க மூளைதான் கற்றுக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் வீட்டை எழுப்பிக் காட்டுகிறவளுக்கு எல்லா வீடும் சுவரில் மாட்டிய காலண்டர்தான். வேலை போய்விடுமே என்று அவள் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

போன மாதம் இண்டூரிலிருந்து மாதவராஜ் தன் மனைவி சசிகலாவோடு வந்தார். அவர் தூணைத் தடவினார், கதவைத் திறந்தார், தன் அறிவை நினைத்துத் தானே பூரித்தார்.

"எனக்குத் தட்டையாத்தாங்க தெரியுது" என்றாள் சசிகலா.

"ஊருக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா? கண்ணாடியத் திருப்பி மாட்டியிருப்ப."

"லேடீஸுக்குக் கொஞ்சம் லேட்டா செட்டாகுங்க" என்று குரு வேறு சிரித்தார்.

சசிகலாவின் முகம் சிறுத்துப்போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டி, "ஆமாங்க, இப்பத் தெரியுது" என்றாள். மாதவராஜ் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். மனை அவள் பெயரில் இருந்தது, பிளானில் கையெழுத்து அவள்தான் போட வேண்டும்.

நஸீமாவுக்கு அந்தக் கையைத் தெரியும். இந்த வேலைக்கான நேர்காணலில் அவளும் அப்படித்தான் நீட்டினாள்.

"மேடம், நீங்க தட்டையாத் தெரியுதுன்னு சொன்னதுமே நான் த்ரீடிய ஆஃப் பண்ணிட்டேங்க, ரெண்டு நிமிசம் ஆச்சு" என்றாள். "இப்ப யாருக்குமே எழும்பித் தெரியாது. ஆன்ல இருந்தப்பவும் எனக்குத் தெரிஞ்சதில்ல. சில பேரு கண்ணு அப்படிங்க."

பேனா இல்லாத மாதவராஜின் மற்றொரு கை இன்னும் காற்றில் தூணைப் பிடித்திருந்தது. குருவின் முகத்தைப் பார்க்காமல் நஸீமா சாக்பீஸை எடுத்தாள். அலுவலக வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், டேப் பிடித்து அளந்து அந்த வீட்டை நிஜ அளவிலேயே தரையில் கோடாகப் போட்டாள்.

சசிகலா சமையலறைக்குள் போய் நின்று, அடுப்பிலிருந்து சிங்க் பக்கம் திரும்பினாள். முழங்கை சுவரைத் தாண்டி வெளியே போனது.

"வூட்டுக்குள்ள திரும்பவே முடியாதுங்க. இங்க ரெண்டடி சேத்துப் போடுங்க."

நஸீமாவைத் திட்ட வாயெடுத்த குரு, வாடிக்கையாளர் நிற்பதை நினைத்து, "ஹாலுல இருந்து எடுத்துக்கலாங்க மேடம்" என்று தானே குனிந்து பழைய சுவர்க்கோட்டைக் கையால் அழித்தார்.

"நீங்களும் உள்ள வந்து பாருங்க" என்று சசிகலா கூப்பிட்டாள்.

மாதவராஜ் வாசற்கோடு வரை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார்.