மஞ்சள் காமாலை மனு

தொண்ணூற்றெட்டில் ஜெயங்கொண்டத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். எங்கள் வக்கீலுக்கு அப்போது கிரேக்கப் பைத்தியம் பிடித்திருந்தது. அரியலூரில் ஏதோ மன்றத்தில் நீதியைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். விஷம் குடித்துச் செத்த கிரேக்க ஞானியைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கோர்ட்டுக்குப் பிடித்த மாதிரி நாலு வார்த்தை பேசியிருந்தால் அந்த ஞானி பிழைத்திருப்பாராம், மாட்டேன் என்றுவிட்டாராம். அந்த இடம் வந்தால் எங்கள் வக்கீலுக்குக் கண் கலங்கும். அந்த நடிப்பைப் பார்க்கணுமே.

அந்தப் பேச்சை வக்கீல்கள் அறையில் அவர் நாலு பேருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்த காலையில்தான், எங்கள் கட்சிக்காரியான உடையார்பாளையத்துப் பக்கத்து அம்மா ஒருத்தியின் வழக்கு கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. முந்திரிக்கொல்லை எனக்குத்தான் என்று கொழுந்தன் போட்டது. புருஷன் செத்தபிறகு அவளுக்கு மிச்சம் அந்தக் கொல்லை ஒன்றுதான். டவாலி மூன்று தரம் கூப்பிட்டது பத்திரத்துப் பெயரை. ஊரில் ஒருத்தரும் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோர்ட் வாசலிலேயே நின்றவள், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டே இருந்தாள். எடுத்துச்சொல்ல வேண்டிய வக்கீல் கிரேக்கத்தில் இருந்தார். ஆள் வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி ஆக்கிக் கொழுந்தனுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

முப்பது நாளைக்குள் மனுப் போட்டால் வழக்கைத் திரும்ப எடுப்பார்கள். ஏன் வரவில்லை என்று சொல்ல எங்கள் ஆபீசில் ஒரே காரணம்தான். மஞ்சள் காமாலை, நாட்டு மருந்து, படுத்த படுக்கை. பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே அடித்து வைத்திருப்பேன். எங்கள் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் காகிதத்தில் மஞ்சளாகத்தான் இருந்தார்கள்.

அவள் வந்ததும் அதையே வாசித்துக் காட்டினேன். ரேகை வைக்க நீட்டிய கட்டைவிரலை அவள் மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஏதுங்க காமாலை? வாசல்லதான நின்னேன். நின்னேன்னு எழுதுங்க."

"அப்படி எழுதுனா, வக்கீல் எங்க போனாருன்னு ஜட்ஜ் கேப்பாரும்மா" என்றார் வக்கீல்.

"கேட்டா சொல்லுங்க. சத்தியமா சொல்றேன்னு மேல போட்டுட்டு, கீழ பொய்ய எழுதச் சொல்றீங்களே."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "சத்தியத்தக் காப்பாத்த வந்துட்டா. ரேகை வைக்கிறதுன்னா வையி, இல்லன்னா கெளம்பு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் அந்த ஒரு வரிய அடிச்சுக் குடேன் தாயி."

"சார் சொன்னாத்தாங்க" என்றேன். தூ, இதெல்லாம் ஒரு வாய்.

அதற்குப்பிறகு நாலு தடவை வந்தாள். நாலு தடவையும் அதே காகிதத்தைத்தான் நீட்டினோம். முப்பது நாள் முடிந்தது. கொல்லை கொழுந்தன் கைக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் அரியலூர்க் கூட்டம். பக்கம் எடுத்துக் கொடுக்க என்னையும் கூட்டிப்போனார். உயிரே போனாலும் ஒரு பொய் சொல்லவில்லை அந்த மனிதர் என்று படித்தபோது வக்கீலுக்கு வழக்கம்போலக் கண் கலங்கியது. சபை கை தட்டியது. அந்த வரியை நான் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்திருந்தேன்.