ஒரே கிண்ணத்தில் ஏழு தண்ணி

கற்றாழை மடலை வெட்டியதும் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியுமே, அதன் வாடை ஒரு தரம் மூக்கில் ஏறிவிட்டால் லேசில் போகாது. எனக்கு அந்த வாடை வந்தாலே பம்பாயில் மாட்டுங்கா லேபர் கேம்பில் நாங்கள் இருந்த ஒற்றை அறையும், கண்ணேறு படாமலிருக்க வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த கற்றாழையும் கண் முன்னால் வந்து நிற்கும்.

அப்பா அப்போது தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தார். வேளாவேளைக்குச் சாப்பிடாமல் வயிற்றில் எந்நேரமும் எரிச்சல். வாஷியில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குக் காலை பத்து மணிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை கிடைத்தால்தான் எங்களால் பம்பாயில் இருக்க முடியும், இல்லாவிட்டால் என் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா, கடையநல்லூர்க்காரி, வயிற்றுச் சூட்டுக்குக் கற்றாழைச் சாறு குடித்துப் பார்க்கச் சொல்லி, பக்குவமும் சொல்லிக்கொடுத்தாள். மடலை நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை முழுக்க வடிய விட வேண்டும், பச்சைத் தோல் பொட்டுகூட ஒட்டக்கூடாது, உள்ளே இருக்கும் சோற்றை "ஏழு தண்ணி" மாற்றிக் கழுவ வேண்டும், அதிலும் ஒரு சின்னத் துண்டு போதும். "கழுவுறதுல கஞ்சத்தனம் பண்ணிராதீக, பொறவு வயித்தால போயிரும்" என்று போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அப்பா வாஷிக்குப் போக வேண்டிய மறுநாள் காலை அம்மா குழாயடி வரிசையில் நிற்க, கழுவும் வேலை பத்து வயதுக்காரியான என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் முழுக்க ஒரு நீல டிரம்முக்குள் அடக்கம், ஒரு சொம்பு கூடுதலாக எடுத்தால் போதும், "ஏட்டி, ஒங்கப்பா சமுத்திரத்தையா வாங்கிப் போட்டிருக்காரு?" என்று அம்மா பிடித்துக்கொள்வாள். பாத்திரம் விளக்கும் "மோரி"யில் குந்திய எனக்கு ஏழு சொம்பை நினைத்தாலே பகீரென்றது. எண்ணிக்கைதானே முக்கியம் என்று ஒரே கிண்ணத் தண்ணீரில் கற்றாழையை ஏழு தரம் முக்கி முக்கி, வாய்விட்டு எண்ணி எடுத்தேன். அப்பா அவசரப்படுத்தியதால் பாலும் சரியாக வடியவில்லை, துண்டும் சின்னதாக இல்லை. முழு மடலையும் மோரில் அடித்துக் கொடுத்தேன், அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஜி.டி.பி. நகரில் வண்டி ஏறியவருக்குக் குர்லா தாண்டுவதற்குள் வயிறு பேச ஆரம்பித்துவிட்டதாம். லோக்கல் வண்டியில் கக்கூஸ் ஏது, செம்பூரில் இறங்கி ஓடி, அடுத்த வண்டி பிடித்து மான்குர்தில் மறுபடி இறங்கி ஓடி, வாஷி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. முகம் வெளுத்து நின்றவரிடம் மேனேஜர் காரணம் கேட்க, "காடி லேட் தா, சாப்" என்று வண்டி தாமதம் என வண்டியின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். அந்த ஹார்பர் லைன் வண்டிகளைப் பற்றி அப்படிச் சொன்னால் நம்பாத ஆள் பம்பாயில் உண்டா? கூட்டத்தில் நசுங்கி வந்த பாவம் என்று டீ வாங்கிக் கொடுத்து, திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லிவிட்டார். அன்றைக்கு என்னவோ வண்டி சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தது.

சாயங்காலம் அம்மா கேட்ட கேள்வியில் நான் கழுவிய லட்சணம் வெளியே வந்தது. அப்பாவின் வேலையைக் கெடுக்கப் பார்த்தோமே என்று தேம்பித் தேம்பி அழுதேன். பாயில் துவண்டு கிடந்த அப்பாவோ சிரித்தார். "விடு, பிள்ள தண்ணிய மிச்சம் புடிச்சிருக்கா. எனக்குத்தான் இருந்த தண்ணியெல்லாம் போயிட்டு" என்றார்.

இப்போது டோம்பிவிலியில் இருக்கிறோம். அந்த அறை இருந்த இடத்தில் பெரிய கட்டடம் நிற்கிறது, நீல டிரம் போன இடம் தெரியவில்லை, மும்தாஜ் அக்காவும் எங்கேயோ. ரிட்டயரான அப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் கற்றாழைச் சாறு பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். மஞ்சள் பால் நீக்கியதா, தோலும் சேர்த்து அரைத்ததா, சர்க்கரை கலந்திருக்கிறதா என்று லேபிளில் தேடினேன், ஒன்றும் தெளிவாக இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். டாக்டரைக் கேட்டதில், மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம், சர்க்கரையைச் சோதித்துக்கொண்டே ஒரு ஸ்பூன் வேண்டுமானால் பார்க்கலாம், வயிற்றைப் புரட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"அப்போ நீயே கழுவித் தா. இப்ப எனக்கு எங்கயும் போக வேண்டியதில்லையே" என்றார் அப்பா.

மடலை நிறுத்தி வைத்துப் பாலை வடிய விட்டு, தோல் சீவி, சிங்க்கில் கழுவினேன். மூன்றாவது தண்ணியிலேயே கை தானாகக் குழாயை மூடிவிட்டது.

"இன்னும் நாலு" என்று ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.