நான் ஸ்டாஃப் இல்லை, சார்

படுத்தவரை உட்காரவைத்து, உட்கார்ந்தவரை எழுப்பி, எழுந்தவரை நம்மைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகவைப்பதுதான் பிசியோதெரபிஸ்டின் தொழில். அதிலும் நான் 'விசிட்டிங்'. திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் காலையில் மூன்று மணி நேரம் போவேன். பிறகு மெஷின் பையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பக்கம் வீடு வீடாகப் போவேன். மாதக் கடைசியில் என் பெயர் அச்சடித்த பில்லை ஆஸ்பத்திரியில் நீட்டுவேன். அவர்களும் தொழில் கட்டணம் என்று வரி பிடித்துக்கொண்டு தருவார்கள்.

இதே மாதிரி பில் எழுதிப் பிழைக்கிற டாக்டர்களே, டிசைனர்களே, கம்ப்யூட்டர்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? நாம் சொந்தத் தொழில் செய்கிறோம் என்று வரி இலாகா நம்புகிற வரைக்கும்தான் இந்த வாழ்வு. நம்பாவிட்டால் நாம் சம்பளக்காரர். பெட்ரோல், மெஷின் ரிப்பேர் எதையும் செலவாகக் காட்ட முடியாது. ஆஸ்பத்திரியும், சம்பளம்தான் என்றால் முழுநாளும் இங்கேயே இரு என்று சொல்லிவிடும். என் கீழ்பென்னாத்தூர் வீடுகள் அதோடு போச்சு. அங்கே படுத்திருப்பவர்களால் பஸ் ஏறி என்னைத் தேடி வரவும் முடியாது.

வேங்கிக்காலில் இருக்கும் என் ஆடிட்டர் ஜெயந்தி மேடம் ஆரம்பத்திலேயே எச்சரித்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போடாதே, அவர்கள் யூனிஃபார்மைப் போடாதே, லீவு கேட்காதே. கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருந்தது.

சிவப்பு மையில் ஒரு பெயர்

ஆஸ்பத்திரி மேனேஜர் கோதண்டம் சார் தங்கமான மனிதர். வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை என்பதை, நான் சேர்ந்த இரண்டாம் வாரம் கண்டுபிடித்தார். யாரோ என்னை அவமானப்படுத்திவிட்டதாக நினைத்துப் பதறிப்போனார். டாக்டர்களுக்கு அடுத்த வரியில், சிவப்பு மையில், 'நஸ்ரின் மேடம்' என்று தன் கையாலேயே எழுதிவைத்தார்.

நான் உட்கார்ந்து வரிச் சட்டத்தை எனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், டீ வரவழைத்தார். அந்த மாதக் கடைசியில் எதேச்சையாகப் பதிவேட்டைப் பார்த்தால் என் பெயருக்கு நேராக ஒரு நாள் விடாமல் கையெழுத்து. நான் வராத நாளுக்குக்கூட. என்ன சார் இது என்றேன்.

"நீங்க தெனமும் மறந்துட்டுப் போயிடறீங்க. ஆப்சென்ட் விழுந்துடப்போவுதேன்னு நானே போட்டு வச்சேன் மேடம்."

எனக்காக ஒரு சண்டை

தலைமை நர்ஸ் செல்வி அக்கா எல்லாருக்கும் ஒரே மாதிரி ஊதா கோட்டு தைக்கக் கொடுத்தார். என்னைக் கேட்காமலே கண்ணளவில் எனக்கும் ஒன்று. அளவு கச்சிதமாக இருந்தது என்பதுதான் சங்கடம். வேண்டாம் அக்கா என்று திருப்பிக் கொடுத்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் என் பழைய வெள்ளைக் கோட்டோடு வளைய வந்தேன்.

கிரிவலம் போய்விட்டு முட்டி வீங்கி வந்த ஒரு பெரியம்மா என்னிடம் ஒரு வாரம் பயிற்சிக்கு வந்தார். ஊதாக் கூட்டத்துக்கு நடுவே நான் மட்டும் வெள்ளையாகத் திரிவதைத் தினமும் கவனித்திருக்கிறார். கடைசி நாளன்று, நான் பழக்கிவிட்ட நடையிலேயே யார் துணையும் இல்லாமல் மேனேஜர் அறைக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். தடுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"அந்தப் பொண்ணுதான் ஜாஸ்தி வேலை செய்யுது, அதுக்கு மட்டும் ஒரு கோட்டு தெச்சிக் குடுக்க உங்களுக்கு மனசு வரலியா?"

நானே வெட்டிய குழி

அடுத்தவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. என் தங்கை நிக்காஹ் வந்தது. பத்து நாள் வர முடியாது. என்னோடு படித்த தோழி ஒருத்தியை எனக்குப் பதிலாக அனுப்ப நானே ஏற்பாடு செய்துவிட்டேன். கோதண்டம் சாரிடம் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வயதில் மூத்தவர், சும்மா சொல்லிவிட்டுப் போனால் மரியாதையாக இருக்குமா? ஒரு தாளை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பழகிய கை, அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டு போயிற்று. 'பத்து நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடித்துக் கையெழுத்தும் போட்டேன். அவர் அனுமதி என்று எழுதி, சீல் குத்தி, ஃபைலில் கோத்துவிட்டார்.

பெருமையாக இதை ஜெயந்தி மேடத்திடம் போனில் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது.

"கீழ்ப்படிதலுள்ளன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு வந்துட்ட. இவங்க சுதந்திரமா தொழில் பண்றவங்கன்னு இனிமே நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்றது?"

மேனேஜரின் மனக்குறை

பயந்த மாதிரியே ஆயிற்று. ஆஸ்பத்திரி பிடித்த வரிக் கணக்குகளைச் சரிபார்க்க ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தார். சின்ன வயசு, சிரிக்காத முகம். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். போனால் மேஜை மேல் சிவப்பு மைப் பதிவேடும் என் லீவு லெட்டரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் ஸ்டாஃப் இல்லை சார் என்று சொன்னேன். அவர் லெட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று மத்தியானம் போகவேண்டிய கீழ்பென்னாத்தூர் வீடுகள்தான் என் கண் முன்னால் வந்தன.

அதிகாரி கோதண்டம் சார் பக்கம் திரும்பி, இவரை ஒன்பது மணிக்கு வந்து ஆறு மணி வரை இருக்கச் சொன்னால் இருப்பாரா என்று கேட்டார். அவ்வளவுதான். எத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்தாரோ, மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"எங்க சார் கேக்கறாங்க? ஒருவாட்டி பெரிய டாக்டரே மத்தியானம் இருங்கன்னு சொன்னாரு. கீழ்பென்னாத்தூர்ல ஒருத்தர் இன்னிக்குதான் முதல் அடி எடுத்து வைக்கப்போறாருன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கினு போயிட்டாங்க. மெஷின் வாங்கித் தரோம்னா வேணாம், எங்கிட்டயே இருக்குங்கறாங்க. லீவு லெட்டர்ல நான் அனுமதின்னு எழுதறதுக்கு முன்னாடியே பதிலுக்கு ஒரு ஆள் வந்து நிக்குது. அந்தப் பொண்ணுக்குப் பணமும் இவங்களே குடுத்துட்டாங்க. எதைத்தான் எங்களைக் கேட்டு செய்யறாங்க?"

பதிவேட்டுக் கையெழுத்து யாருடையது என்றும் அதிகாரி கேட்டார். தன்னுடையது என்று கோதண்டம் சார் ஒளிக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் அதிகாரி. 'நஸ்ரின் மேடம் எங்கள் ஊழியர் அல்ல' என்று எழுதும்போது கோதண்டம் சாரின் பேனா கொஞ்சம் நின்றது. எனக்கு உயிர் வந்தது. அவர் முகம் மட்டும் வாடிப்போனது. அதிகாரி அந்தத் தாளை வாங்கி மடித்தார்.

"இவ்வளவு சொல்லியும் கேக்காதவங்களை ஸ்டாஃப்னு நான் எப்படி சார் எழுத முடியும்?"

நோட்டீஸ் போர்டு

இரண்டு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தது. கோதண்டம் சாரின் பெண்ணுக்குக் கல்யாணம். மேலே பேனாவால் 'ஸ்டாஃப் அனைவரும் வருக' என்று எழுதியிருந்தார். நர்சுகள் என்ன புடவை, எத்தனை மணிக்கு வேன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் என்னைக் கண்டால் அவசர வேலை இருப்பதுபோல் போய்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. கேட்டு வாங்கிய பட்டம், யாரைக் குறை சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் மணி அடித்தது. கஞ்சி போட்ட வேட்டியில் கோதண்டம் சார், பக்கத்தில் பட்டுப் புடவையில் அவர் மனைவி. அந்த அம்மா கையில் தாம்பாளம், அதில் பழம், பூ, கற்கண்டு, மேலே பத்திரிகை. என் அம்மாவும் அத்தாவும் உள்ளேயிருந்து வந்து நிற்கும் வரை காத்திருந்து, அந்த அம்மா தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கோதண்டம் சார் விளக்கம் சொன்னார்.

"ஸ்டாஃபுக்கெல்லாம் போர்டுல ஒண்ணு ஒட்டியாச்சு. நீங்க ஸ்டாஃப் இல்லன்னு நானே எழுதிக் குடுத்துட்டேனே மேடம், உங்களை வீடு தேடி வந்து கூப்பிட்டாதான முறை."

சக விசிட்டிங் ஜீவன்களே, எத்தனையோ பேருக்கு ஒட்டிக்கொண்ட தோள்பட்டையைப் பிரித்துவிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், பாசமாக ஒட்டிக்கொண்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோவைச் சட்டப்படிகூடப் பிரிக்க முடியாது.