குளிரில் கசந்த சீம்பால்

எங்கள் பசு கன்று போட்ட வாரத்தில்தான் என் பிள்ளைகளின் அம்மா லீவில் வருவதாக இருந்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அவள் போகும்போது சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

சீம்பால் என்றால் அவளுக்கு உயிர். கன்று போட்ட பசுவின் முதல் பாலில் கித்துள் கருப்பட்டி போட்டு அவித்தால் கட்டியாக வரும். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசை வீடுகளில், அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்த பிறகுதான் நாங்கள் வாயில் வைப்போம். அந்த முறையும் கொடுத்தேன். ஒரு போத்தல் பாலை மட்டும் காய்ச்சாமல் பிரிட்ஜில் வைத்தேன். வந்ததும் அவள் கையாலேயே அவிக்கட்டும் என்று ஓர் ஆசை.

அங்கே வீட்டுக்கார அம்மாவுக்குச் சுகமில்லை. லீவு தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. ஒரு நாள் போத்தலைத் திறந்து நாக்கில் விட்டுப் பார்த்தேன். புளித்திருந்தால் புரிந்திருக்கும். கசந்தது. "குளிர்ல எந்தக் கிருமியும் வேல செய்யாதே, பால் எப்படிக் கெட்டுச்சு?" என்றேன்.

"குளிர்ல எந்தக் கிருமியும் வேல செய்யாதுன்னு யாருப்பா சொன்னா?" என்றாள் மூத்தவள். விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறாள்.

"அப்ப பிரிட்ஜ் எதுக்கு?"

"முக்காவாசிக் கிருமி சும்மா கெடக்கும். குளிருக்குப் பழகுனதும் இருக்குப்பா. அது மெதுவா வேல செய்யும்."

"அதுக்குக் குல்லா இருக்கா அக்கா?" என்றான் சின்னவன்.

"ஒன்னோடதத்தான் எடுத்துப் போட்டிருக்கு, தேடிப் பாரு."

பனிக்கட்டிக்குள்ளேயே வாழும் கிருமிகளும் உண்டாம். குளிரில் நெய் உறைவதுபோல அவற்றின் மேல்தோல் உறையாதாம். அவற்றில் சிலவற்றை நம் ஊர் வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் செத்துப்போகுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இருக்கிற இடத்துக்கு ஏற்ப உடம்பே மாறிவிடும் என்றால், போனவர்கள் திரும்பி வந்து எப்படி இருப்பார்கள்?

சாயந்தரம் அவள் போனில் வந்தாள்.

"என்னாங்க, மொதல்ல இந்தச் சூட்டுக்கு அழுதேன். இப்பப் பழகிருச்சு. நம்ம அப்புத்தளைக் குளிர நெனச்சாலே ஒதறுது." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் கெட்டதைச் சொன்னேன்.

"புள்ளைங்களுக்கு அவிச்சுக் குடுத்திருக்கலாம்ல?"

"நீ வந்து அவிப்பன்னு..."

"எனக்குன்னு எதையும் நிறுத்தி வைக்காதீங்க. அன்னன்னைக்கு உள்ளத அன்னன்னைக்கே அதுங்க சாப்பிடட்டும். நான் வருவேன்."

பால் மிதிபடக்கூடாது. அதனால் லயத்துக்குப் பின்னால், யாரும் நடக்காத தேயிலைத் தூரில் ஊற்றினேன். போத்தலைக் கழுவ வாங்கிய மூத்தவள், "அம்மா வர்ற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கே கம்பளி எடுத்துட்டுப் போவோம்ப்பா" என்றாள்.

"நாள் தெரியட்டும் தாயி" என்றேன்.